மூன்றாம் ஆண்டுக்குள் கிளம்பிவிடுகிறவர்

பேலா குட்மன் பயிற்சியாளராக வேலை பார்த்த ஊர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தால் மூச்சு வாங்கும். வியன்னா, என்ஸ்கெடே, புடாபெஸ்ட், புகாரெஸ்ட், பாதோவா, டிரியெஸ்ட், அர்ஜென்டினாவின் க்வில்மெஸ், சைப்ரஸின் நிகோசியா, மிலான், விசென்சா, சாவோ பாவ்லோ, போர்ட்டோ, லிஸ்பன், மான்டிவிடியோ, ஜெனீவா, ஏதென்ஸ். சில ஊர்களில் ஒரு சீசன், சில ஊர்களில் சில மாதங்கள். எந்தக் கிளப்பிலும் ஒரே மூச்சில் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்ததில்லை. மூன்றாவது ஆண்டு பயிற்சியாளருக்கு ஆகாது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதற்குள் ஆட்டக்காரர்களுக்கு அவர் குரல் பழகிவிடும், எதிரணிகள் அவருடைய உத்தியைப் படித்துவிடும், நிர்வாகிகளுக்குத் தங்களுக்கே எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடும். அதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட வேண்டும்.

இதைச் சொல்லித்தான் கால்பந்து உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் தங்காதவர், சண்டைக்காரர், பணத்தில் கறார் பேர்வழி. போதாக்குறைக்கு போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புக்குச் சாபம் கொடுத்தவர் என்ற பட்டம் வேறு. இவற்றில் முதல் மூன்றை அவரே மறுத்திருக்க மாட்டார். ஆனால் அவருடைய வாழ்க்கையை ஊர் ஊராகப் பின்தொடர்ந்து படிக்கும்போது எனக்கு அவர் போன ஊர்களில் மனம் நிற்பதில்லை. அவர் விட்டுவந்த ஊரிலேயே நின்றுவிடுகிறது. நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இல்லாமல் போன ஒரு புடாபெஸ்ட் அது. அங்கே ஆடப்பட்ட கால்பந்தை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. ஆனாலும் ஓர் அணி பந்தைத் தரையோடு தரையாகத் தள்ளி, மூன்று பேர் முக்கோணமாக நின்று மாற்றி மாற்றிக் கொடுத்து, அவசரமே இல்லாமல் எதிரணியின் கோலை நெருங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஊரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

குட்மன் 1899-இல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் நடன ஆசிரியர்கள். அவரும் பதினாறு வயதில் நடனம் கற்றுக்கொடுக்கும் தகுதி பெற்றவர். கால் வைக்கும் அழகும் உடம்பின் நிதானமும் வீட்டிலேயே கிடைத்த சொத்து. வெளியே தெருவில் வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த நகரத்தில் கட்டடங்களுக்கு நடுவே இன்னும் வீடு எழும்பாத காலி மனைகள். அவற்றை ‘குருண்ட்’ என்பார்கள். ஃபெரன்ஸ் மோல்னார் 1907-இல் வெளியிட்ட ‘பால் தெருப் பையன்கள்’ நாவலில் சிறுவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற நினைப்பது அப்படியொரு காலி மனையைத்தான். அங்கே கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை வைத்து ஆடினார்கள். இடம் குறுகல், தரை மேடும் பள்ளமும், பந்து துள்ளாது. அப்படிப்பட்ட பந்தைத் தூக்கி அடித்துப் பிரயோஜனம் இல்லை. காலோடு ஒட்டவைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு நறுக்கென்று தள்ளிவிடத் தெரிந்தவன்தான் பிழைத்தான்.

இந்தத் தெருப் பையன்களின் கைவசம் இருந்த திறமைக்கு இலக்கணம் எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். லங்காஷயர்க்காரரான ஜிம்மி ஹோகன், முதல் உலகப் போர் வெடித்தபோது ஆஸ்திரியாவில் எதிரி நாட்டவராக மாட்டிக்கொண்டவர். எப்படியோ புடாபெஸ்டுக்கு வந்து, எம்டிகே கிளப்பின் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். பந்தை ஓடவிடு, உடம்பை ஓடவிடாதே என்பது அவர் பாடத்தின் சாரம். எம்டிகே அன்றைய புடாபெஸ்டின் யூத நடுத்தர வர்க்கம் தன்னுடையது என்று கொண்டாடிய கிளப். நீலமும் வெள்ளையும் அதன் நிறம். 1917 முதல் 1925 வரை ஓர் ஆண்டு விடாமல் ஹங்கேரி லீக் பட்டத்தை வென்றது. ஆல்ஃபிரட் ஷாஃபர், கியோர்கி ஓர்த், கான்ராட் சகோதரர்கள் என்று ஐரோப்பாவே பொறாமைப்பட்ட ஆட்டக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் வாரம் முழுக்க காபிக் கடைகளில் அதைப் பற்றிய பேச்சு. பத்திரிகைக்காரர், எழுத்தாளர், துணி வியாபாரி, ஆட்டக்காரர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்தக் கோல் ஏன் விழுந்தது, இந்தப் பாஸ் ஏன் தவறியது என்று மணிக்கணக்கில் விவாதித்தார்கள். கால்பந்தை யோசிக்க வேண்டிய விஷயமாக, வாதாட வேண்டிய விஷயமாக ஆக்கியது வியன்னாவும் புடாபெஸ்டும் சேர்ந்த இந்தத் தானுபே நதிக்கரை உலகம்தான்.

தோரெக்வேஷ் என்ற கிளப்பில் ஆடத் தொடங்கிய குட்மன், எம்டிகேவில் சென்டர் ஹாஃப் இடத்துக்கு வந்தார். இன்றைய ரசிகருக்கு அந்த இடத்தின் மகிமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்து ஆட்ட அமைப்பில் தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவே நின்று அணி முழுவதையும் நடத்துகிறவர் சென்டர் ஹாஃப். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும், ஆட்டத்தின் வேகம் எவ்வளவு என்பதை அவர்தான் தீர்மானிப்பார். ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருப்பது போன்ற வேலை. நடன ஆசிரியரின் மகனுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. 1920, 1921 லீக் பட்டங்களில் அவருக்கும் பங்கு உண்டு.

அங்கேயே இருந்திருக்கலாம். இருக்க விடவில்லை. போரில் தோற்று, நாட்டின் பெரும்பகுதியைப் பறிகொடுத்த ஹங்கேரியில் ஹோர்த்தியின் ஆட்சி வந்தது. யூதர்கள்மேல் வன்முறை வெடித்தது. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் சட்டம் 1920-இல் வந்துவிட்டது. குட்மன் வியன்னாவுக்குக் கிளம்பினார். இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதில் நடந்த இந்தப் புறப்பாட்டைத்தான் நான் முதலாவதாகக் கணக்கில் வைக்கிறேன். பின்னாளில் அவர் பெட்டி கட்டிய ஒவ்வொரு தடவையும் அது அவருடைய சொந்த முடிவு என்று பேசப்பட்டது. முதல் தடவை ஊரே அவரைத் துரத்தியது.

வியன்னாவில் அவர் சேர்ந்தது ஹகோவா. மார்பில் தாவீதின் நட்சத்திரத்தை அணிந்து ஆடிய யூத கிளப். 1923-இல் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாம் அணியை அவர்கள் மண்ணிலேயே வென்றது. 1925-இல் ஆஸ்திரிய லீக் பட்டத்தையும் பிடித்தது. அந்தப் பட்டத்தை உறுதிசெய்த கோலை அடித்தவர் கோல்கீப்பர் சாண்டோர் ஃபாபியான். கையில் அடிபட்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைக்கு விதி இல்லை. கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போனார், கோல் அடித்தார். இதற்கிடையே 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காகவும் குட்மன் ஆடினார். ஆட்டக்காரர்களைத் தூங்கவிடாத இரைச்சலான பகுதியில் விடுதி, விடுதியில் எலி, ஆட்டக்காரர்களைவிட அதிகாரிகள் அதிகம். எகிப்திடம் 3-0 என்று தோற்றார்கள். செத்த எலிகளை அதிகாரிகளின் அறைக் கதவுகளில் குட்மன் தொங்கவிட்டார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு தேசிய அணியில் அவருக்கு இடமில்லை.

1926-இல் ஹகோவா அமெரிக்கா போனது. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டத்துக்கு 46,000 பேர் திரண்டார்கள். அதைப் பார்த்த ஆட்டக்காரர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். குட்மனும் தங்கினார். ஆடினார், மதுவிலக்குக் காலத்து ரகசிய மதுக்கடை ஒன்றில் பணம் போட்டார், பங்குச்சந்தையிலும் போட்டார், 1929 வீழ்ச்சியில் பெரும்பகுதியை இழந்தார். பின்னாளில் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் அவர் காட்டிய கறாரை நினைக்கும்போது இந்த இழப்பையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் ஐரோப்பா திரும்பி, ஹகோவாவிலேயே பயிற்சியாளர் ஆனார். பிறகு ஹாலந்தின் என்ஸ்கெடே. மறுபடி ஹகோவா.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. ஹகோவா கலைக்கப்பட்டது. அந்த சீசனில் அது ஆடிய ஆட்டங்களின் முடிவுகளைக்கூடக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். குட்மன் புடாபெஸ்டுக்குத் திரும்பி உய்பெஷ்ட் அணியைக் கையில் எடுத்தார். 1939-இல் லீக் பட்டம், மத்திய ஐரோப்பாவின் பெரிய போட்டியான மித்ரோபா கோப்பை, இரண்டையும் அந்த அணி வென்றது. அதே சமயத்தில் யூதர்களை வேலைகளிலிருந்து விலக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாட்டின் மிகச் சிறந்த பயிற்சியாளருக்கு நாட்டில் வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்த ஆண்டுகளைப் பற்றி அவர் பேசவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். போர் முடியும்வரை சுவிட்சர்லாந்தில் இருந்திருப்பார் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். டேவிட் போல்சோவர் 2017-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுதான் உண்மையைத் தேடி எடுத்து வைத்தது. யூதரல்லாத மனைவி மரியானின் சகோதரர் உதவியால், உய்பெஷ்டில் ஒரு கட்டடத்தின் மச்சில் ஒளிந்திருந்தார். பட்டம் வாங்கிக்கொடுத்து ஐந்து ஆண்டுகூட ஆகாத அதே பகுதி. அதன் பிறகு கட்டாய உழைப்பு முகாம். 1944 டிசம்பரில் அங்கிருந்து நாடுகடத்தப்படவிருந்த நேரத்தில் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். அவரோடு குதித்தவர்களில் ஒருவர் எர்னோ எர்ப்ஸ்டைன், அவரும் பயிற்சியாளர். குட்மனின் அப்பாவும் சகோதரியும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள்.

என் ஏக்கம் எதன்மேல் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரின் கால்பந்து ஒருவர் இருவரோடு போகவில்லை. தோரெக்வேஷில் ஆடிய இன்னொருவர் அர்பாட் வைஸ். 1924 ஒலிம்பிக் அணியில் குட்மனுடன் போனவர். இத்தாலியில் 1930-இல் இன்டர் அணிக்கும், 1936, 1937-இல் போலோனியாவுக்கும் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைத் துரத்தின. ஹாலந்தின் டோர்ட்ரெக்ட் என்ற சிறு ஊரில் பயிற்சியாளரானார். அங்கிருந்து பிடித்துப்போனார்கள். மனைவியும் இரண்டு குழந்தைகளும் 1942-இல், அவர் 1944 ஜனவரியில், ஆஷ்விட்ஸில் முடிந்துபோனார்கள். எம்டிகேவில் ஆடிய யெனோ கான்ராட், நியூரம்பர்க் பயிற்சியாளராக இருந்தபோது நாஜிப் பத்திரிகையின் வசையைத் தாங்காமல் 1932-இலேயே ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். எம்டிகேவின் டோரி கூர்ஷ்னர் 1937-இல் பிரேசிலின் ஃபிளமெங்கோவுக்குப் போய் அங்கே புதிய ஆட்ட அமைப்பைக் கற்றுக்கொடுத்து, 1941-இல் ரியோவிலேயே காலமானார். ஜன்னலில் குதித்துப் பிழைத்த எர்ப்ஸ்டைன் டொரினோ அணியை இத்தாலியின் ஈடு இணையில்லாத அணியாக வளர்த்தார். 1949 மே 4 அன்று சுப்பேர்கா மலையில் மோதிய விமானத்தில் தன் அணியோடு இறந்தார்.

ஒரே நகரம், ஒரே தலைமுறை. நாற்றங்காலைத் தீயிட்டுவிட்டு, தப்பிய நாற்றுகள் எந்தெந்த வயலில் எப்படி வளர்ந்தன என்று உலகம் வியந்துகொண்டிருக்கிறது. ஊர் ஊராகப் போன அந்தப் பயிற்சியாளர்களை அலைகிறவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போக இடம் இருந்து, அங்கே போகாமல் சுற்றினால்தான் அது அலைச்சல்.

குட்மன் திரும்பிப் போய்ப் பார்க்காமலும் இல்லை. போர் முடிந்ததும் புடாபெஸ்டின் வஷாஷ் அணி. பிறகு ருமேனியாவில் ஒரு கிளப். பணத்துக்கு மதிப்பில்லாத பஞ்சகாலம் என்பதால் சம்பளத்தைக் காய்கறியாக வாங்கிக்கொண்டார். அணித் தேர்வில் நிர்வாகி ஒருவர் மூக்கை நுழைத்ததும் கிளம்பினார். 1947-இல் உய்பெஷ்டுக்கு இன்னொரு லீக் பட்டம். அதன் பிறகு கிஷ்பெஷ்ட். புடாபெஸ்டின் தென்கிழக்கு ஓரத்தில் ஃபெரன்ஸ் புஷ்காஷ் வளர்ந்த கிளப் அது. புஷ்காஷின் அப்பாவிடமிருந்துதான் குட்மன் பொறுப்பை வாங்கினார்.

1948-இல் கியோர் அணியோடு ஓர் ஆட்டம். கிஷ்பெஷ்டின் தற்காப்பு ஆட்டக்காரர் பாத்யி முரட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் குட்மன் அவரிடம், இரண்டாம் பாதிக்கு நீ இறங்க வேண்டாம் என்றார். மாற்று ஆட்டக்காரர் கிடையாது, பத்துப் பேரோடு ஆட வேண்டியிருக்கும். அது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. தப்பான ஆட்டத்தைவிடப் பத்துப் பேர் ஆட்டம் மேல். ஆனால் இருபத்தொரு வயது புஷ்காஷ் பாத்யியிடம், நீ இறங்கு என்று சொல்லிவிட்டார். பாத்யி இறங்கினார். குட்மன் ஒன்றும் பேசவில்லை. பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்து, குதிரைப் பந்தயத் தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாராம். ஆட்டம் முடிந்ததும் டிராமில் ஏறி வீட்டுக்குப் போனவர், அந்தக் கிளப்புக்குத் திரும்பவே இல்லை. கொஞ்ச நாளில் ஹங்கேரியை விட்டும் போய்விட்டார். அதன் பிறகு அந்த நாட்டில் அவர் எந்த அணிக்கும் பயிற்சி கொடுத்ததில்லை.

இந்தக் காட்சியைப் பலரும் அவருடைய வறட்டுப் பிடிவாதத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் எம்டிகேவின் சென்டர் ஹாஃப் தெரிகிறார். ஆட்டம் இப்படித்தான் ஆடப்பட வேண்டும் என்று ஒரு தெளிவு இருந்தது, அதைச் சொல்லிக்கொடுத்த உலகம் இப்போது இல்லை. மச்சில் ஒளிந்து, முகாமில் உழைத்து, குடும்பத்தைப் பறிகொடுத்து வந்தவரிடம் மிச்சம் இருந்தது அந்தத் தெளிவு ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? டிராம் ஏறுவார்.

பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். பாதோவா, டிரியெஸ்ட், அர்ஜென்டினா, சைப்ரஸ். 1953-இல் மிலான். 1955-இல் லீக் பட்டியலில் மிலான் முதலிடத்தில் இருந்தபோதே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு ஒப்பந்தங்களில் எழுதி வாங்கிக்கொண்டார். இதே காலத்தில் ஹங்கேரியின் பொற்கால அணி எழுந்தது. 1953 நவம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று நொறுக்கியது. அன்றைக்கு ஆடியது பெரும்பாலும் பழைய கிஷ்பெஷ்டும் எம்டிகேவும்தான். ஹோகன் கற்றுக்கொடுத்ததைத்தான் ஆடினோம் என்று ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத் தலைவரே சொன்னார். அந்த மரபில் வந்த குட்மன் அப்போது ஊரில் இல்லை.

ஊர்தான் அவரைத் தேடி வந்தது. 1956 அக்டோபரில் புடாபெஸ்டில் புரட்சி, நவம்பரில் சோவியத் டாங்கிகள். பெயர் மாறி ஹொன்வேட் ஆகியிருந்த கிஷ்பெஷ்ட் அணி அப்போது ஐரோப்பியக் கோப்பை ஆட்டத்துக்காக வெளியே இருந்தது. ஆட்டக்காரர்கள் திரும்ப மறுத்தார்கள். ஃபிஃபா தடை விதித்தது. தடையை மீறி 1957-இன் தொடக்கத்தில் பிரேசிலுக்குச் சுற்றுப்பயணம் கிளம்பியபோது, பயிற்சியாளராகக் கூடப் போனவர் குட்மன். எந்த அணியை விட்டு டிராம் ஏறிப் போனாரோ அதே அணி, அதே புஷ்காஷ். இப்போது இருவருக்குமே போக ஊர் இல்லை. சுற்றுப்பயணம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். சிலர் ஹங்கேரி திரும்பினார்கள். புஷ்காஷ், கோச்சிஷ், ஜிபோர் ஆகியோர் பின்னர் ஸ்பெயினில் வாழ்வு தேடினார்கள்.

குட்மன் பிரேசிலிலேயே தங்கி, சாவோ பாவ்லோ கிளப்பில் சேர்ந்தார். 35 வயதைத் தாண்டிய மேதை ஜிஜின்யோவை நடுவில் வைத்து, 1957 மாநிலப் பட்டத்தை வென்றார். தற்காப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்ற 4-2-4 அமைப்பு பிரேசிலில் வேரூன்றியதில் அவருக்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிரேசில்காரர்களே தாமாக அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் சாவோ பாவ்லோவில் அவருக்குப் பக்கத்தில் இருந்து வேலை பார்த்தவர் விசென்டே ஃபியோலா. 1958-இல் அதே அமைப்போடு பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் அவர்தான். கூர்ஷ்னர் ஆரம்பித்துவைத்த பேச்சை இருபது ஆண்டு கழித்து அதே எம்டிகேவில் வளர்ந்த இன்னொருவர் வந்து தொடர்ந்தார் என்று பார்த்தால், தானுபே கரையின் காபிக் கடை மேஜை பிரேசில்வரை நீண்டிருக்கிறது.

பிரேசிலிலிருந்து போர்ச்சுகல். 1959-இல் போர்ட்டோவுக்கு லீக் பட்டம். உடனே எதிர் முகாமான பென்ஃபிகா. அங்கே 1960, 1961 லீக் பட்டங்கள். 1961 மே 31, பெர்ன் நகரின் வான்க்டோர்ஃப் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. எதிரணி பார்சிலோனா, அதில் குபாலா, கோச்சிஷ், ஜிபோர் என மூன்று ஹங்கேரியர்கள். ஏழு ஆண்டுக்கு முன் 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் கோச்சிஷும் ஜிபோரும் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது இதே மைதானத்தில், 3-2 என்ற கணக்கில். இந்தத் தடவை இருவரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். பார்சிலோனா அடித்த பந்துகள் கோல் கம்பத்தில் பட்டுப் பட்டுத் திரும்பின. முடிவு 3-2, வென்றது பென்ஃபிகா. வென்றவர் பக்கமும் புடாபெஸ்ட், தோற்றவர் பக்கமும் புடாபெஸ்ட். அதைப் பார்க்க புடாபெஸ்ட்தான் அங்கே இல்லை.

இதற்கு நடுவே ஒரு முடிதிருத்தும் கடை. சாவோ பாவ்லோவில் பழக்கமான ஜோசே கார்லோஸ் பவுவெர், லிஸ்பனில் அந்தக் கடையில் குட்மனைச் சந்தித்து, மொசாம்பிக்கில் தான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். அந்தப் பையன் யூசேபியோ. மறு ஆண்டு, 1962 மே 2, ஆம்ஸ்டர்டாம். எதிரணி ரியல் மாட்ரிட். முதல் பாதியிலேயே புஷ்காஷ் மூன்று கோல் அடித்தார், ரியல் 3-2 என்று முன்னால் இருந்தது. கிஷ்பெஷ்டில் குட்மன் பேச்சைக் கேட்காத அதே கால்கள். இடைவேளைக்குப் பிறகு கொலூனா சமன் செய்தார். அப்புறம் இருபது வயது யூசேபியோ இரண்டு கோல். 5-3. அந்த ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கும்போது கோல்களைவிடக் கோலுக்கு முந்தைய பாஸ்களைத்தான் தேடிப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பந்தைப் பதறாமல் கொடுத்து வாங்குகிறார்கள். புடாபெஸ்டின் காலி மனைகளில் ஆடப்பட்டதை நான் பார்க்க முடியாது. அதன் தூரத்துச் சொந்தத்தையாவது பார்க்கிறேன் என்ற திருப்தி.

அந்த வெற்றிக்குப் பிறகு போனஸ் கேட்டார், கொடுக்கவில்லை, கிளம்பினார். அது அவருடைய மூன்றாவது சீசன். நூறு ஆண்டுக்கு பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையை வெல்லாது என்று சாபம் விட்டதாகக் கதை. அன்றிலிருந்து அந்தக் கிளப் 1963, 1965, 1968, 1988, 1990 ஐரோப்பியக் கோப்பை இறுதிகளிலும், 1983, 2013, 2014 ஆண்டுகளில் மற்றோர் ஐரோப்பியப் போட்டியின் இறுதிகளிலும் தோற்றிருக்கிறது. 1990 இறுதி வியன்னாவில் நடந்தபோது, யூசேபியோ குட்மனின் கல்லறைக்குப் போய்ப் பிரார்த்தனை செய்தார். அன்றைக்கும் தோல்வி. 2014-இல் இரண்டு கோப்பைகளையும் கையில் ஏந்திய குட்மனின் சிலையை லிஸ்பன் மைதானத்தில் வைத்தார்கள். அந்த ஆண்டும் தோல்வி.

எனக்கு இந்தக் கதைமேல் தீராத வருத்தம் உண்டு. சாபம் விட்டவர் 1965-இல் அதே கிளப்புக்குத் திரும்பி வந்து ஒரு சீசன் வேலை பார்ப்பாரா? குட்மன் வந்தார். சாபம் என்ற ஒற்றைச் சொல் அவருடைய வாழ்க்கை முழுவதையும் விழுங்கிவிட்டது. அவரைப் பற்றி ஒரே ஒரு செய்தி தெரிந்தவர்களுக்கு அந்த ஒன்று இதுவாகத்தான் இருக்கிறது. மச்சு தெரியாது, ஜன்னல் தெரியாது, அப்பாவும் சகோதரியும் தெரியாது. ஐரோப்பா தன் யூதர்களை அழிக்கத் துணிந்த போர் முடிந்து இருபது ஆண்டு கூட ஆகாத நேரத்தில், அழிவிலிருந்து தப்பிய ஒரு யூதர் ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பையை அடுத்தடுத்து இரண்டு தடவை தூக்கினார் என்பது தெரியாது.

லிஸ்பனுக்குப் பிறகு பழைய வெளிச்சம் வரவில்லை. உருகுவேயின் பெனரோல், ஆஸ்திரிய தேசிய அணி, ஜெனீவாவின் செர்வெட், கிரீஸின் பானதினைகோஸ் என்று போனார். கடைசியாக 1973-74 சீசனில் போர்ட்டோ. பிறகு வியன்னாவில் தங்கி, 1981 ஆகஸ்டில் அங்கேயே இறந்தார். முதல் தடவை ஊர் துரத்தியபோது அடைக்கலம் கொடுத்த நகரமே கடைசியிலும் இடம் கொடுத்தது. புடாபெஸ்ட் அங்கிருந்து ரயிலில் சில மணி நேரம்தான்.

எம்டிகே இன்றைக்கும் ஆடுகிறது, அதே நீலமும் வெள்ளையும். ஹகோவாவும் போருக்குப் பின் விளையாட்டுச் சங்கமாக மீண்டது. பெயர்கள் இருக்கின்றன. ஒரு நகரத்துப் பாதி மக்கள் ஒரு சென்டர் ஹாஃபின் பாஸைப் பற்றி வாரம் முழுக்கப் பேசிய அந்த வாழ்க்கை திரும்பவில்லை. பேச வேண்டியவர்களில் பலரைக் கொன்றுவிட்டார்கள், மீதிப் பேர் கடல் கடந்துவிட்டார்கள். கால்பந்தின் வரலாற்றில் இதற்கு ஈடான இழப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆட்டத்தை நேசிக்கிற யாரும், எந்த நாட்டில் பிறந்திருந்தாலும், அந்த இழப்பில் பங்காளிதான்.

பென்ஃபிகா இன்னோர் இறுதிப் போட்டிக்கு வரும். சாபக் கதையை மறுபடி எல்லோரும் எடுப்பார்கள். அப்போது மற்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அந்த இரண்டு கோப்பைகளும் ஒரு நடன ஆசிரியரின் மகன் வாங்கிக்கொடுத்தவை. அவரைத் துரத்திய ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டத்தால் வாங்கிக்கொடுத்தவை. அந்த ஆட்டத்தை அவர் எந்த ஊரிலும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இத்தனை ஊர் மாறினார்.